பயந்தவளின் சீரம்

மருந்து விடாத கிண்ணத்திலும் செல்கள் செத்துக்கொண்டிருந்தன.

சத்தியபாமா நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எலியின் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்த இளம் டி செல்கள். நோயோடு சண்டைபிடிக்க உடல் வளர்க்கும் பிள்ளைகள். உடல் மிரளும்போது இரத்தத்தில் சுரக்கும் கோர்ட்டிசோலை முதல் கிண்ணத்தில் மட்டுந்தான் விட்டிருந்தாள். அது பட்டால் அந்தச் செல்கள் தம்மைத் தாமே கொன்றுவிடும். இரண்டாவதில் வெறும் சீரம், செல்களை வளர்க்க ஊற்றும் இரத்தத் தெளிநீர். ஆனால் அங்கும் அவை சுருங்கின, கொப்பளித்தன, உள்ளே கரு துண்டுதுண்டாக உடைந்தது. சீழில்லை, சிதறலில்லை, பக்கத்துச் செல் அந்தத் துண்டுகளை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.

யாருடைய சீரம்? அவளுடையதுதான். எண்பத்து மூன்று ஜூலை அது. தமிழர் வீடுகளும் கடைகளுமாகக் கொழும்பு எரிந்துகொண்டிருந்தது, அங்கிருந்து சீரம் வரவில்லை. தட்டுப்பாடு வந்தால் ஆய்வுகூடத்தில் முறைவைத்துக் கை நீட்டுவது வழக்கம். இன்று காலை அவள் முறை. கண்டிப் பக்கம் புகை எழுவதைப் பார்த்தபடியே இரத்தம் கொடுத்தாள். பயம் அப்போதே அதில் ஊறியிருக்கிறது.

மத்தியானம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கணவன் இராமநாதன் தொலைபேசியில் பேசினான்.

"நீர் வெளியில வராதையும். நான் வாறன்."

"வேண்டாமப்பா, பாலத்தில நிக்கிறாங்களாம்..."

லைன் அறுந்துவிட்டது.

நாலு மணிக்கு டயர் எரியும் நாற்றம் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து ஸ்பிரிட் வாசனையோடு கலந்தது. பிறகு கீழே கண்ணாடி நொறுங்கும் சத்தம், படிக்கட்டில் பாதங்கள், பல பாதங்கள். உதவியாளர் மஹ்ரூப் விளக்கை அணைத்தார். அவள் கதவைத் தாழிட்டாள்.

யாரோ தட்டினார்கள்.

"பாமா! கதவத் திறவும்!"

மஹ்ரூப் பாய்ந்து வந்தார். "மிஸ், ஒங்கட மாப்புளதான்! தொறங்க!"

அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கத்தான் போனாள். சத்தியமாகத் திறக்கத்தான். விரல்கள் கேட்கவில்லை. கீழ்நோக்கி அழுத்தின.

மஹ்ரூப் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். கடித்தாள். எலும்பு தட்டும்வரை கடித்தாள். வாயெல்லாம் அவர் இரத்தம். விடவில்லை.

வெளியே ஓர் அடி. இன்னொன்று. மரத்தில் ஈரமாக ஏதோ மோதிச் சரிந்தது.

"பாமா..."

பெற்றோல் நாற்றம்.

கதவின் அடியில் நான்கு விரல்கள் நுழைந்தன. அவற்றின் பின்னால் சிவப்பாக வெளிச்சம் எழுந்தது. விரல்கள் நிலத்தைப் பிறாண்டின. அவள் கால் பெருவிரலைத் தொட்டன. பற்றிக்கொண்டன.

அவள் காலை உதறி இழுத்துக்கொண்டாள். தாழ்ப்பாளை இன்னும் அழுத்தினாள். இரண்டு கையாலும்.