சின்னவனின் கிண்ணம்

இரண்டாவது கிண்ணம் இன்றும் காலியாக இருந்தது. விளிம்பு வரை நக்கப்பட்டு, எச்சில் இன்னும் காயாமல் பளபளத்தது.

அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்கக் கூடாது என்றுதான் பெரியவனுக்கு எட்டு நாளாகப் பாடம் நடக்கிறது. பெரியவன் என்பது வீட்டிலிருக்கும் நாய்க்குட்டி. பிறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னொரு குட்டி வாங்கினால் அதற்குப் பெயர் சின்னவன் என்று கணவன் முடிவு கட்டிவிட்டான். வாங்குவதா வேண்டாமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு கிண்ணத்திலும் தீனி போட்டு, இரண்டாவதைக் கரண்டியால் தட்டி, யாருமில்லாத மூலையைப் பார்த்து, "சின்னவனே, வா, சாப்பிட வா" என்று கொஞ்சிக் கூப்பிடுவான். அந்தக் குரல் கேட்டதும் பெரியவன் விலகி, சுவரோரம் போய் வாலை ஒடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்தவன் பங்கைத் தொடாமலிருக்கப் பழக்குகிறானாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூத்திரம் துடைப்பது அவள். தைக்கக் கொடுத்த துணியைக் குட்டி கடித்துக் குதறினால் வாடிக்கைக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதும் அவள். ஒன்றுக்கே முதுகு ஒடிகிறது. நாய் விற்பவருக்கு ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கணவன் மத்தியானத்திலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டான்.

"அதுக்கு ஒரு துணை வேணாமா? தனியாக் கெடந்து அழுவுது."

"எனக்கு யாருங்க துணை? எல்லாம் என் தலையிலதானே விடியுது."

"எதுக்கெடுத்தாலும் மூஞ்சியத் தூக்கு. உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு."

முதல் ஐந்து நாள் அந்தக் கிண்ணம் நிரம்பியபடியே கிடந்தது. சாயங்காலம் அவள்தான் தீனியை எடுத்து டப்பாவில் திரும்பக் கொட்டினாள். மூன்று நாளாகத்தான் காலி. பெரியவனின் திருட்டுத்தனம் என்று நினைத்து இரண்டு அடியும் வைத்தாள். ஆனால் இரண்டு கிண்ணத்தையும் தின்கிற குட்டிக்கு விலா எலும்பு ஏன் இப்படித் துருத்துகிறது?

பூச்சி மருந்துக்காக வாராவாரம் எடை பார்க்கச் சொல்லியிருந்தார் கால்நடை மருத்துவர். குட்டி எடை மெஷினில் நிற்காது. அதனால் முதலில் அவள் ஏறி நிற்பாள், பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்வாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஆளுயரக் கண்ணாடி முன்னால் எடை மெஷினை வைத்து ஏறினாள். ஐம்பத்தெட்டு. குட்டியோடு அறுபத்தொன்று. போன வாரம் நாலு கிலோ இருந்த குட்டி இப்போது மூன்று. இதையா அடித்தோம்?

கையிலிருந்த குட்டி நடுங்க ஆரம்பித்தது. அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அறையில் ஈரச் சாக்கு நாற்றம் பரவியது. மாட்டி வைத்திருந்த துணிகளில் ஒன்று அசைந்தது, பிறகு அடுத்தது, ஜன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. கெண்டைக்காலில் வெதுவெதுப்பாக மூச்சுப் பட்டது. ஈரமான மூச்சு.

குனிந்து பார்த்தாள். எண் மாறியிருந்தது.

அறுபத்தாறு.

குட்டி திமிறிக் கீழே குதித்தது. எண் இறங்கவில்லை. எழுபத்தெட்டு. கண்ணாடியில் அவள் மட்டும்தான் இருந்தாள். அவள் உடையின் பின்பக்கம் மட்டும் எதன் பாரத்திலோ அழுந்திக்கொண்டிருந்தது.

தொண்ணூறு. மூச்சு இடுப்புக்கு ஏறியது. முதுகுக்கு. பிடரிக்கு.

போன் அடித்தது. கைக்கெட்டும் தூரத்தில், தையல் மெஷின் மேல். ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தொட்டாள்.

"மணி ஆறு. வேணுமா, வேணாமா? ஒரே பதில் சொல்லு."

"வேணாங்க." அழுகை முட்டியது. "வேணாம். நீங்க உடனே வாங்க. வீட்டுல..."

"தெரியும்டி! உன் வாயில வேற என்ன வரும்?" அவன் சிரித்தான். எரிச்சல் வந்தால் அவன் அப்படித்தான் சிரிப்பான். "சரி, நம்ம சின்னவனுக்குக் குடுத்து வைக்கல. எட்டு நாள் கூப்பிட்ட பாசம், கடைசியா ஒரு தடவ கூப்பிட்டுக்கறேன்."

"ஐயோ, கூப்பிடாதீங்க!"

போனுக்குள் எதையோ டங் டங்கென்று தட்டினான். மேசையிலிருந்த தம்ளராக இருக்கும்.

"சின்னவனே, வா, சாப்பிட வா."

பிடரியில் பட்ட மூச்சு நின்றது. வாய் திறக்கும் சத்தம் கேட்டது.

பெரியவன் அவள் காலடியிலிருந்து விலகி, சுவரோரம் போய், வாலை ஒடுக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தான்.