வெர்னா வாங்காத சோபா

"திருடன் யாருன்னு நீங்க தேட வேண்டாம் மேடம். என் தம்பிதான். நிரூபிச்சுக் கொடுத்தா போதும்" என்றாள் வெர்னா டக்கெட், பனி படிந்த கோட்டைக்கூடக் கழற்றாமல்.

பஃபலோ நகரில், ஒரு பீட்சா கடையின் மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் இரண்டே பேர். ஐரீன் வொஜிக், இன்சூரன்ஸ் மோசடிகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். உதவியாளன் டெஸ்மண்ட், எந்த வழக்கிலும் முதல் நிமிடத்திலேயே குற்றவாளியை முடிவு செய்துவிடுகிறவன்.

வெர்னா அடுத்தவர் கடையில் முடி திருத்துபவள். சொந்த சலூனுக்கு ஓர் இடம் பார்த்திருந்தாள். இடத்துக்காரர், அவள் கடன்களை ஒழுங்காகக் கட்டுகிறவளா என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். போன வசந்த காலத்தில் ஒரு பர்னிச்சர் கடையில் தவணைக்கு சோபா வாங்கிவிட்டுக் கட்டவே இல்லை என்று அதில் இருந்தது.

"நான் சோபாவே வாங்கல. என் பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எல்லாம் தெரிஞ்சவன் லாமர் ஒருத்தன்தான். என் வீட்டுலதான் இருந்தான். கேட்டேன், பெரிய சண்டை. வெளிய போடான்னுட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அந்த இடத்தை எனக்காக வெச்சிருப்பாராம்."

"ரிப்போர்ட்ல எந்த முகவரி இருக்கு?"

"ஹிக்கரி தெரு. நான் முன்ன இருந்த பழைய வீடு. அதை இடிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு."

"அந்தக் கடனை வசூல் பண்ற கம்பெனியில கேட்டீங்களா?"

"கேட்டேனே! பேரு கேட்டான், பிறந்த தேதி கேட்டான். அப்புறம் 'நீங்க டிஸ்சார்ஜ் ஆன தேதியைச் சொல்லுங்க, சரிபார்க்கணும்'னான். என்னத்தையோ உளர்றான்னு, 'சோபாவே வரலைய்யா'ன்னு கத்தி போனை வெச்சுட்டேன்."

ஐரீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். டெஸ்மண்டுக்கு அந்தப் பழக்கம் தெரியும். ஏதோ பிடிபட்டிருக்கிறது. என்னவென்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள்.

லாமரின் ஒற்றை அறைக்குள் நுழைந்ததுமே டெஸ்மண்ட் ஐரீனின் முழங்கையை இடித்தான். நடுவில் ஜம்மென்று ஒரு தோல் சோபா!

ஐரீன் அதில் உட்கார்ந்து பக்கவாட்டைத் தடவினாள். "பூனை வளர்க்கிறீங்களா?"

"எனக்குப் பூனை ஆகாது மேடம். இந்தக் கீறலெல்லாம் பழைய ஓனர் வீட்டுப் பூனையோடது. சர்ச் ஏலத்துல எடுத்தேன்" என்றான் லாமர் முறைப்பாக. "அக்கா அனுப்பினாளா?"

"அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்துச்சா?"

லாமரின் முறைப்பு இறங்கியது. "போன வருஷம் பஸ் ஸ்டாப்புல மயங்கி விழுந்துட்டா. பர்ஸ்ல இருந்த டிரைவிங் லைசென்ஸைப் பார்த்துதான் ஆஸ்பத்திரியில பேரைப் பதிஞ்சாங்க. அதை முதல்ல மாத்துன்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டாதானே. இப்ப நல்லா இருக்காளா?"

பர்னிச்சர் கடை இருந்த இடத்தில் பூட்டிய கதவுதான் இருந்தது. திவாலாகி மூடி மூன்று வருடம் ஆகிறது என்றார் பக்கத்து பேக்கரிக்காரர்.

வியாழக்கிழமை, வசூல் கம்பெனி மேனேஜர் ஹால்வர்சனின் அறையில் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூடின கடையில யாரும் சோபா வாங்க முடியாது" என்று ஐரீன் நிதானமாக ஆரம்பித்தாள். "வாங்கினவன் லாமரா இருந்தா, இடிச்ச வீட்டு முகவரியைக் கொடுத்திருக்க மாட்டான். சோபாவை எங்க இறக்குவாங்க? அந்த முகவரி வேற எங்க இருந்துச்சு? வெர்னா முகவரி மாத்தாம வெச்சிருந்த லைசென்ஸ்ல. அதைக் கடைசியாப் பார்த்து எழுதினது யாரு? ஆஸ்பத்திரி."

"டிஸ்சார்ஜ்!" டெஸ்மண்ட் எழுந்தே நின்றுவிட்டான். "சோபாவுக்கு ஏது டிஸ்சார்ஜ்?"

"உட்காருப்பா. மிஸ்டர் ஹால்வர்சன், வராத பாக்கிகளை மலிவா வாங்கி வசூல் பண்றது உங்க தொழில். நீங்க ஆஸ்பத்திரி பாக்கியையும் வாங்கினீங்க, அந்தக் கடையோட பாக்கியையும் வாங்கினீங்க. நியூயார்க் மாநிலத்துல மருத்துவக் கடனை கிரெடிட் ரிப்போர்ட்ல ஏத்தக்கூடாதுன்னு சட்டம். அதனால மூடின கடையோட பேரை அதுக்கு மாட்டிவிட்டீங்க. போன்ல பேசின உங்க ஆளு மட்டும் பழைய ஆஸ்பத்திரிக் கேள்வியை மாத்த மறந்துட்டான்."

"பில்லு எதுவும் வரலையே, இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கட்டிடுச்சுன்னுல்ல நினைச்சேன்" என்று முனகினாள் வெர்னா.

ஹால்வர்சன் டையைத் தளர்த்தினார். "கம்ப்யூட்டர் தப்பு. பதிவை இன்னிக்கே நீக்கிடறேன். ஆனா பாக்கி பாக்கிதான். அதை அவங்க கட்டித்தான் ஆகணும்."

"கட்ட வேண்டாம்" என்றாள் ஐரீன். "அந்தச் சட்டத்தை நீங்க பாதியிலயே மூடி வெச்சுட்டீங்க போல. ரிப்போர்ட்ல ஏத்தின மருத்துவக் கடன் செல்லாது. சும்மா இருந்திருந்தா உங்களுக்கு வரவேண்டியது வந்திருக்கும். நீங்களே அதைக் கொன்னுட்டீங்க. இன்னும் எத்தனை பேருக்கு சோபா வித்திருக்கீங்கன்னு அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல கேப்பாங்க. காலையிலயே புகார் கொடுத்துட்டேன்."

அன்று மாலையே பதிவு நீங்கியது. மறுநாள் காலை இடத்துக்காரர் சாவியைக் கொடுத்தார்.

ஆனால் வியாழக்கிழமை அந்த அறையைவிட்டு வெளியே வந்தபோது வெர்னாவுக்குச் சாவி நினைவே இல்லை. படிக்கட்டில் தம்பியின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பரவாயில்லக்கா" என்றான் லாமர்.

"பரவாயில்லைன்னு சொல்லாதடா" என்று அழுதாள் அவள். "திட்டுடா. நல்லா திட்டு."

அவன் திட்டினான். பஸ் ஸ்டாப் வரைக்கும் திட்டிக்கொண்டே போனான். அவள் அவன் கையை விடவே இல்லை.