பனிக்கட்டிக்குக் கீழே இறக்கிய கிண்ணம்

பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவியின் தம்பி தோக்சுவும் கங்வோன் மலையில் பனியாய் உறைந்து கிடந்த நீர்த்தேக்கத்துக்கு மீன் பிடிக்கப் போனோம். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை தவறினால் எனக்கே நம்பிக்கை வராது.

கரையில் தூண்டில் வாடகைக்கு விடும் பொக்சூன் அக்கா, ஆளுக்கொரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

“பனி உடைஞ்சு உள்ள விழுந்தா கத்தாதீங்க, வாய்க்குள்ள தண்ணி போயிடும். இதை ஊதுங்க. கூட இருக்கறவர் ஓடிப் போகக் கூடாது. குப்புறப் படுத்துக்கிட்டுக் கயித்தை வீசணும்.”

“நான் என்ன கால்பந்து நடுவராக்கா?” என்றான் தோக்சு. அந்த வாரம்தான் தலைக்குச் செம்பட்டைச் சாயம் அடித்திருந்தான்.

“எந்த நடுவருக்குடா இப்படிச் சேவல் கொண்டை இருக்கு?”

சிரித்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

“வெள்ளைத்துணி கட்டுன கம்பு பக்கம் மட்டும் போயிடாதீங்க. போன மாசம் ஒரு பொண்ணு அங்கதான் முழுகிட்டா. அவ ஆவியை மேல கூப்பிடறதுக்குக் கிண்ணத்துல சோறு வெச்சு இறக்கியிருக்காங்க. கிண்ணத்துல முடி வந்தா ஆள் வந்த மாதிரி. இன்னும் வரல. வீட்டாளுங்க சாப்பிடப் போயிருக்காங்க.”

நான் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு முன்னே நடந்தேன். தோக்சு கடை வாசலில் கொஞ்சம் பின்தங்கி, மேலங்கியைத் தாடைவரை இழுத்து மூடிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பனியில் நாங்கள் போட்ட துளையில் ஒரு மீனும் கடிக்கவில்லை. மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. பக்கத்துக் கூடாரங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து மறைந்தன.

“வெள்ளைத்துணிக் கம்புகிட்ட போட்ட துளை ஒண்ணு சும்மா கிடக்கு மாமா” என்று தோக்சு எழுந்தான்.

“வேணாம் மச்சான். அங்க பனி மெலிசு.”

“கடைக்கார அக்காகிட்ட சொல்லி மாட்டிவிடாதீங்க, போதும்.”

கயிற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அதற்குள் அவன் துளையிலிருந்த வெள்ளைக் கயிற்றை இழுத்து, மூடி போட்ட பித்தளைக் கிண்ணத்தை வெளியே எடுத்திருந்தான். திறந்தான். தண்ணீருக்கடியில் கிடந்த சோறு, உதிர் உதிராகக் காய்ந்திருந்தது. அதன் நடுவில் நீளமான கறுப்பு முடி ஒன்று.

முடி மட்டும் ஈரமாக இருந்தது.

“சமைச்சவங்க தலையை முடியலை போல” என்று சிரித்து, முடியைத் துளைக்குள் சுண்டினான். சோற்றையும் மீனுக்கு இரையாகக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைப் பழையபடி இறக்கினான்.

காலுக்கடியில் ஒரு முனகல் கிளம்பியது. துருப்பிடித்த பெரிய கதவை யாரோ கீழிருந்து தள்ளித் திறப்பதுபோல.

“மச்சான், இந்தப் பக்கம் வா.”

மூடுபனி எங்களுக்கு நடுவே வந்து நின்றது. அவன் தெரியவில்லை.

பனி உடைந்தது.

குப்புறப் படுத்தேன். கன்னத்தில் குளிர் நெருப்பாய்ச் சுட்டது. கயிற்றைச் சுருட்டிப் பிடித்தேன்.

“மாமா! கயித்தைப் போடுங்க!” இடப்பக்கத்திலிருந்து.

“மாமா! கயித்தைப் போடுங்க!” வலப்பக்கத்திலிருந்து.

இரண்டும் தோக்சுவின் குரல்.

என்னிடம் இருந்தது ஒரே கயிறு.

செத்தவர்களுக்கு மூச்சு ஏது? அந்த நினைப்பு வந்ததும் கத்தினேன்: “விசிலை ஊது மச்சான்! ஊது!”

வலப்பக்கம் விசில் சத்தம் எழுந்தது. நீளமாக, விடாமல்.

இடப்பக்கம், “ஐயோ மாமா, அது என்கிட்ட...” என்று தொடங்கிய குரலைத் தண்ணீர் விழுங்கியது.

நான் வலப்பக்கம் வீசினேன்.

கயிறு இறுகியது. இழுத்தேன். செம்பட்டைத் தலை மூடுபனியிலிருந்து வெளிப்பட்டது. நனைந்த ஆளுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. பயத்தில் எனக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தோளில் சாய்த்துக் கடைக்குக் கொண்டுவந்து அடுப்போரம் உட்கார வைத்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கொடுத்த சூப்பைத் தொடவில்லை.

அதற்குள் மூடுபனி விலகியது. அந்தப் பெண்ணின் வீட்டார் திரும்பி வந்து கிண்ணத்தை மேலே இழுத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன பொக்சூன் அக்கா, வெளுத்த முகத்துடன் கடைக்குள் நுழைந்தாள். கதவை மூடக்கூட மறந்துவிட்டாள்.

“முடி வந்துடுச்சுங்க. ஆனா அந்தப் பொண்ணோடது இல்ல.”

“பின்னே?”

“குட்டை முடி. செம்பட்டை.”

அவள் கண் என்னைத் தாண்டி வாசல் பக்கம் போனது. திரும்பிப் பார்த்தேன். கதவோரத்து ஆணியில், கயிற்றோடு ஒரு விசில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னுடையது என் கழுத்திலேயே இருந்தது.

திறந்த கதவு வழியே குளிர் புகுந்தது. என் மூச்சும் அக்காவின் மூச்சும் வெள்ளை ஆவியாய்ப் பறந்தன.

“நீ... எதை ஊதினே மச்சான்?” என்று கேட்டேன்.

அவன் மெல்லத் திரும்பினான். உதடுகளைக் குவித்தான்.

அதே விசில் சத்தம். நீளமாக, விடாமல்.

அவன் வாய்க்கு முன்னால் மட்டும் ஆவி இல்லை.