இடப்பக்க இருக்கை

காரின் இடப்பக்க இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

சிவப்பு பல்பின் வெளிச்சத்தில், டிரேயில் அலையும் மருந்துத் தண்ணீருக்கு அடியில் கிடந்த படத்தாளில், முதலில் பெரிய கோவிலின் மதில் கருத்து வந்தது. பிறகு அதன் முன்னால் நிறுத்தியிருந்த ஜப்பான் காரின் நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே கடைசியாக அவள் வந்தாள். நடுவகிடு, ஒற்றைக்கல் மூக்குத்தி, கழுத்தோரம் ஒட்டிக் கிடந்த ஈரமுடி. பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அம்சவல்லி இடுக்கியை எடுக்க மறந்து நின்றாள். படம் கருகத் தொடங்கிய பிறகுதான் கை அசைந்தது.

அவள் கணவன் இராஜாங்கம் தெற்கு வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். படம் எடுப்பது அவன். பிலிம் கழுவி, பிரிண்ட் போட்டு, மணப்பெண்களின் பருவையும் தழும்பையும் நெகட்டிவிலேயே மறைப்பது அவள். கல்யாணமான நாளிலிருந்து ஊரார் முகத்தையெல்லாம் அழகாக்கிக்கொண்டிருந்தவளை அவன் ஒரு தடவைகூடப் படம் எடுத்ததில்லை. அது ஒரு குறையென்றே அவளுக்குத் தோன்றியதில்லை, இந்தக் கார் வரும்வரை.

கார் இளையபெருமாளுடையது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் கட்டும் புது வீட்டின் ஹாலில் மாட்டுவதற்கு, தஞ்சாவூரின் ஒவ்வோர் இடத்திலும் அதை நிறுத்திப் பெரிய படங்கள் வேண்டுமென்றான். பகலில் முடியாது, சனம் மொய்த்துவிடும். தவிர, சர்க்கார் நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்திருக்க, செங்கொடி பிடித்தவர்கள் மிராசுதார்களின் வயல்களில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். யார் கண்ணையும் உறுத்தாமல் இருப்பது நல்லதென்று அவன் அப்பா சொல்லியிருந்தார். அதனால் தெரு அடங்கிய பிறகுதான் காரை வெளியே எடுத்தார்கள்.

இராஜாங்கம் விடியும் நேரத்தில் பெட்ரோலும் தோலும் மணக்க வந்து படுப்பான். காரை அவன் ‘அவ’ என்றுதான் சொன்னான். “அவ மேல லைட்டு வழுக்கிக்கிட்டு ஓடுது அம்சா” என்றான் ஒருநாள். தூங்கும்போது அவன் விரல்கள் பாயில் எதையோ தடவுவதுபோல் வளைந்து நிமிரும். அதைப் பார்த்தபடி அவள் விழித்துக் கிடப்பாள். இரும்பு மேல் பொறாமைப்படுகிறோமே என்று தன்னையே கேலி செய்துகொண்டிருந்தவளுக்கு இப்போது ஒரு முகம் கிடைத்திருந்தது. அதில் ஏதோ ஒரு நிம்மதிகூட இருந்தது.

சோறு போடும்போது, சீட்டில் யாரையாவது உட்கார வைத்து எடுத்தீர்களா என்று கேட்டாள். அவன் சிரித்தான். ரெண்டு பேர் உட்காரும் வண்டி, நானும் இளையபெருமாள் தம்பியும்தான் என்றான். சிரித்ததால் அது பொய்யென்று முடிவு கட்டினாள்.

கடை வாசலில் பூ விற்கும் வள்ளியம்மைக்கும் இளையபெருமாளின் ஊர்தான். அம்சவல்லி ஒளித்து வைத்திருந்த படத்தை அவளிடம் காட்டினாள். வள்ளியம்மை கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தாள்.

“இது நம்ம காத்தாயி. இத எப்பக்கா எடுத்தாங்க?”

போன வாரம் என்றாள் அம்சவல்லி.

வள்ளியம்மை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். சட்டத்துக்குப் பயந்து மிராசுதார் தன் நிலத்தைப் பண்ணையாட்கள் பேரில் பினாமியாக எழுதி வைத்தார். திருப்பிக் கேட்டபோது எல்லாரும் ரேகை வைத்துக் கொடுத்தார்கள். காத்தாயி மட்டும், என் பேரில் இருப்பது என் நிலம் என்று வயலில் இறங்கி நாற்று நட்டாள். அறுப்புக்கு முன்னால் காணாமல் போனாள். அவள் புருஷன் வாய்க்கால் வாய்க்காலாகத் தேடுகிறான்.

“தேட வேண்டாம்னு சொல்லு” என்றாள் அம்சவல்லி. “கார்ல ஊர் சுத்திக்கிட்டு இருக்கா.”

அந்த நெகட்டிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, டச்-அப் கத்தியின் நுனியால் அந்த முகத்தைச் சுரண்டி எடுத்தாள். பிரிண்டில் இருக்கை வெறும் இருட்டாக விழுந்தது. இராஜாங்கம் அதைப் பார்த்து, அருமை என்றான்.

அடுத்த பிலிம் ரயிலடியில் எடுத்தது. மருந்தில் அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தலை கேமரா பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் முந்தானையை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். ஒரு கண் மட்டும் வெளியே. இராஜாங்கம் அவளை எச்சரித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள் அம்சவல்லி. அந்தக் கண் டிரேயின் அடியிலிருந்து தன்னையே பார்ப்பதையும், அறையில் ஹைப்போ மருந்தின் நெடியை மீறிச் சேற்று வாடை எழுவதையும் உணர்ந்தாள். உணர்ந்தும், பொறாமை பயத்தைப் பேச விடவில்லை.

அன்றிரவு தானும் வருவதாகச் சொன்னாள். இராஜாங்கம் மறைக்க எதுவுமில்லாதவன்போல் சந்தோஷப்பட்டு, சைக்கிள் பின்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு மிதித்தான்.

புது ஆற்றங்கரையில் கார் நின்றது. தெருவிளக்கின் மஞ்சள் அதன் முதுகில் வழிந்து மண்ணில் சொட்டுவதுபோல் இருந்தது. கரையை அறுத்துக்கொண்டு தண்ணீர் போகும் சத்தம், எங்கோ ஒரு ரயில் என்ஜின் மூச்சு வாங்கும் சத்தம், புன்னை மரத்தில் வௌவால்களின் உரசல். இளையபெருமாள் தள்ளி நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் சுற்றிலும் பார்த்தாள். வேறு பெண் யாருமில்லை. இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது.

“அங்க நான் உக்கார்றேங்க. என்னை ஒண்ணு எடுங்க” என்றாள்.

இராஜாங்கத்தின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாக அவள் கேட்டதேயில்லை. இளையபெருமாள்தான் சட்டென்று சிகரெட்டைக் கீழே போட்டான்.

“அந்தப் பக்கம் வேணாங்க. சீட்டு ஈரமா இருக்கும்.”

காத்தாயிக்கென்று காத்து வைத்த இடமா? அம்சவல்லி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். சேலை வழியாகத் தொடையில் குளிர் ஏறியது. சேற்று வாடை.

“ரெண்டு நிமிஷம்” என்றான் இராஜாங்கம் முக்காலிக்குப் பின்னாலிருந்து. “இருட்டுல அவ்வளவு நேரம் திறந்து வைக்கணும். மூச்சு விட்டாக்கூட மங்கிப் போயிடுவ அம்சா. ஆடாதே.”

கேமராவின் கண் திறந்தது.

அவள் ஆடவில்லை. தொழில் தெரிந்தவள். கோவில் மதிலோரம் எத்தனையோ பேர் நடந்துபோயிருப்பார்கள், மாடு போயிருக்கும். படத்தில் ஒருவர்கூட விழவில்லை. அசைவது எதுவும் விழாது. மூச்சு விடும் மார்பு புகையாகத்தான் விழும். ஆனால் காத்தாயியின் மூக்குத்திக் கல் தெரிந்ததே. ஒவ்வொரு மயிரும் தெரிந்ததே. இரண்டு நிமிஷம். ஊசி முனைபோல் அவ்வளவு கூர்மையாக.

மூச்சு விடுகிறவள் அப்படி இருக்க முடியாது.

எத்தனை முகம் பார்த்தவள். இது எப்படித் தெரியாமல் போயிற்று? அவன் மேல் இருந்த சந்தேகம் கண்ணை மறைத்திருந்தது. எழ வேண்டும். இப்போதே. கதவின் பிடியைத் தேடினாள். கை மடியிலேயே இருந்தது. மறுபடி முயன்றாள். மடியிலேயே. இமை மூடவில்லை. நெஞ்சு ஏறவில்லை. குளிர் இடுப்பைத் தாண்டியது.

காருக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக. ரொம்ப நாளைக்குப் பிறகு விடும் மூச்சு.

கதவு திறந்து மூடும் சத்தம்.

“முடிஞ்சுது, வா” என்றான் இராஜாங்கம்.

கண்ணாடிக்கு வெளியே அவள் சேலை நடந்து போனது. அவள் நீலச் சேலை, அவள் கொண்டை, அவள் நடை. இராஜாங்கம் அதன் முகத்தைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன் தலையைத் துவட்டினான். அம்சவல்லிக்கு ஒருநாளும் துவட்டிவிட்டதில்லை.

“ஏன் இப்படி நனைஞ்சிருக்க? நடுங்குறியே, கண்ணு.”

கண்ணு. அந்தச் சொல்லை அவள் அவன் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

கத்தினாள். சத்தம் இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

இளையபெருமாள் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். இந்தப் பக்கம் அவன் பார்க்கவில்லை. கைக்குட்டையை எடுத்து, முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு, இடப்பக்க இருக்கையை அழுத்தித் துடைத்தான். அவள் மடியின் வழியாக. மார்பின் வழியாக.

“எத்தன தடவ துடைச்சாலும் அவ ஈரம் போக மாட்டேங்குது...” என்று முணுமுணுத்தான்.

கார் கிளம்பி ஊரை விட்டுத் தெற்கே திரும்பியது. மூட முடியாத கண்களுக்கு முன்னால் இருட்டு வயல்கள் வரத் தொடங்கின. பக்கக் கண்ணாடியில் சைக்கிள் சிறுத்துக்கொண்டே போனது. அதன் பின்னால் உட்கார்ந்திருந்தவள் இராஜாங்கத்தின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தாள். கைவிரல்களிலிருந்து சேறு அவன் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. அவன் ஒரு கையை எடுத்து அந்த விரல்களின் மேல் வைத்து, மெல்ல, மெல்லத் தடவிக்கொண்டே போனான்.