தம்பியின் இடது கால்

அந்த டாக்டரம்மாவின் அறை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே சைக்கிள் கடை. படியேறும்போது ரப்பர் பசை வாடையும் எங்களோடு ஏறி வந்தது. கால்வலிக்காரனை மாடியேறச் சொல்கிறவர் கெட்டிக்கார டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்றேன். தம்பி சிரிக்கவில்லை.

வலித்தது அவனுடைய இடது கால். அந்தக் கால் அவனிடம் இல்லை.

மர அறுவை மில்லில் கட்டை உருண்டு நசுங்கியதால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான் வலியே ஆரம்பித்தது. இல்லாத விரல்களை யாரோ பின்பக்கமாக முறுக்குகிறார்கள் என்பான். மாத்திரைக்கும் கேட்கவில்லை, ஊசிக்கும் கேட்கவில்லை. தைலம் வாங்கினோம், எங்கே தடவுவது? டாக்டரம்மாவிடம் போவதற்கு முந்தின வாரம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னான்: "அண்ணே, நான் தூங்கறப்ப தலையணையை மூஞ்சியில வெச்சு அமுக்கிடேன்."

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அமுக்கிவிட்டு நான் யாரோடு சாப்பிடுவது?

டாக்டரம்மா சங்கிலியில் கடிகாரம் கட்டி ஆட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை விசிறி, அவ்வளவுதான்.

"ஹிப்னாடிசம்னா மந்திரம் இல்லைங்க," என்றார். "பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டினதே தெரியாம போயிருக்கீங்களா?"

"இவர் வாராவாரம் போவாரு," என்று தம்பி என்னைக் காட்டினான்.

"அதேதான். எல்லாருக்கும் இயல்பா வர்ற நிலைதான். அதை நல்லதுக்குப் பயன்படுத்திக்கறோம். நீங்க மனசார ஒத்துக்காத எதையும் யாரும் உங்களைச் செய்ய வைக்க முடியாது."

தம்பி சாய்ந்துகொண்டான். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. மூச்சு தானாகப் போகிறது, வருகிறது. விசிறிச் சத்தம் கேட்கிறது, கேட்கட்டும். கண் கனக்கிறது, கனக்கட்டும்.

சொன்னதெல்லாம் தம்பிக்கு. கண் கனத்தது எனக்கும்.

"அந்தக் கால் ரொம்ப நாளா அலையுது, பாவம். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட விட்டுட்டு வாங்க. யார்கிட்ட விடறீங்க?"

"அண்ணன்கிட்ட."

"அவர் வெச்சுப்பாரா?"

"வெச்சுக்கறேன்," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். என் குரல்தான்.

தம்பி கண் விழித்தான். முகத்தைத் துடைத்தான். இல்லாத காலைப் பார்த்தான்.

"அண்ணே, பசிக்குது."

அன்றிலிருந்து அவன் மத்தியானத்தில்கூடக் குறட்டை விட்டான். அந்தக் குறட்டையைக் காசு கொடுத்துக் கேட்கலாம். அப்படி ஒரு மத்தியானம் ஈஸிசேரில் கிடந்து நானும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் ஏதோ தேய்ந்தது.

சர்ர்ர்.

விபத்துக்கு முன்னால் தம்பி இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். செருப்புக்குப் பிடித்த சனியன் என்று திட்டியிருக்கிறேன். வலது கால் 'டக்', இடது 'சர்ர்ர்'. இப்போது 'டக்' இல்லை. 'டக்' வர வேண்டிய இடத்தில் வெறும் அமைதி.

சர்ர்ர்.

ஈர மரத்தூள் வாடை கூடத்துக்குள் வந்தது.

செருப்பு ஜோடியாகத்தானே விற்கிறார்கள். தம்பி போடாத இடது செருப்பு பெட்டியிலேயே புதிதாகக் கிடக்கும். அது என் ஈஸிசேர் ஓரத்தில் இருந்தது. குதிகால் தேய்ந்திருந்தது.

பிறகு என் கால்களுக்குப் பக்கத்தில் ஏதோ ஏறிப் படுத்தது. கனமாக. சூடாக.

அதன் விரல்கள் முறுக்கிக்கொண்டன. வலி எனக்கு.

துண்டை வாயில் திணித்துக் கடித்தேன். இதையா பொறுத்தான்? இத்தனை நாளுமா?

சில நாள் தாங்கினேன். பிறகு தனியாக டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். என் வயதில் அழுதால் பார்க்க நன்றாக இராது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கூடவே நீங்களும் அந்த நிலைக்குப் போயிட்டீங்க. பயப்படாதீங்க ஐயா, எல்லாம் கற்பனைதான். நீங்க ஒத்துக்கிட்டீங்க, அதனால இருக்கு. மனசார வேண்டாம்னு சொல்லுங்க, போயிடும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். ஜன்னலில் வெயில் இருந்தது. பக்கத்து அறையில் குறட்டை.

"வேண்டாம்," என்றேன். "போயிடு."

கனம் இறங்கியது.

சர்ர்ர். கூடம்.

சர்ர்ர். தம்பியின் அறை வாசல்.

கட்டில் கிறீச்சிட்டது.

குறட்டை நின்றது.

"அண்ணே..." பழைய குரல். "அண்ணே, அந்தத் தலையணை..."

ஓடிப்போய் அவன் அறை வாசற்படியிலேயே மண்டியிட்டுவிட்டேன். "வா," என்று கிசுகிசுத்தேன். "இங்க வந்துடு. அவனை விட்டுடு. நானே வெச்சுக்கறேன். மனசாரத்தான் சொல்றேன், வா."

நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு என் முழங்கால் மேல் வந்து ஏறியது, வீட்டுப் பூனை மாதிரி.

ஹிப்னாடிசம் அருமையான வைத்தியம். யார் கேட்டாலும் சொல்வேன். துணைக்குப் போகிறவர்கள் மட்டும் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். தம்பி உடம்பு தேறிவிட்டது. "ஏண்ணே, கால் போனவன் நானு, நொண்டறது நீயா?" என்று கேலி செய்கிறான். வயசாச்சுடா என்கிறேன்.

போன மாதம் டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். கற்பனை எப்படி இருக்கு ஐயா என்று அவர் என் காதோடு கேட்டார். போயிடுச்சும்மா என்றேன். சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். தம்பி வெளியே வந்தான். நான் வந்தேன்.

அவர் கதவை மூடவில்லை. சிரிப்பு மறைந்து, தரையைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

அப்புறம், யாருக்கோ வழி விடுகிறவர் மாதிரி, மெதுவாக ஓரமாக ஒதுங்கி நின்றார்.