சூடு ஆறாத சூட்கேஸ்

ஹாலில் வீட்டுப் பெரியவர் குப்புறக் கிடந்தார். மேஜை முனையில் ரத்தம்.

காலை மணி ஆறு!

இளைய மகள் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. பெரியவருக்கு மூச்சு இருந்தது... நினைவு இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்ஸ்பெக்டர் கசங்கிய சட்டையோடு வந்தார். இஸ்திரிக்குப் போட்ட யூனிஃபார்ம் மூன்று நாளாய்த் திரும்பாத எரிச்சல்.

அன்று முழுக்க விசாரித்தார். எல்லா விரலும் இளைய மருமகனையே காட்டின. முதல் நாள்தான் அவன், "மண்டையை உடைச்சிடுவேன்" என்று மாமனாரிடம் கத்தியிருந்தான்.

அவன் விமான நிலையத்தில் லோடர். விமானத்தின் வயிற்றில் பெட்டி ஏற்றி இறக்கிக் காய்த்துப்போன கை.

"உடைக்கிறவன் ஊரைக் கூட்டிச் சொல்லிட்டா சார் உடைப்பான்?"

"சொன்ன மாதிரியே உடைஞ்சிருக்கேய்யா."

"எங்க சகலைக்கும் மாமனாருக்கும்கூட ஆகாது சார்."

"அவர் வெளிநாட்டுல இருக்கார். ஆறாயிரத்து இருநூறு கிலோமீட்டர். அங்கிருந்தே கையை நீட்டி அடிச்சாராக்கும்?"

சாயங்காலம் ஏழு மணி. விலங்கை வெளியே எடுத்தபோது வாசலில் டாக்ஸி நின்றது.

மூத்த மருமகன்! இருட்டிலும் கூலிங் கிளாஸ். பெரிய சூட்கேஸ்.

செய்தி கேட்டதும் எட்டு மணி நேரம் பறந்து, ஏர்போர்ட்டிலிருந்து நேராக வருவதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தான். மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிற புருஷன். மூத்த மகள் விம்மினாள்.

இன்ஸ்பெக்டர் லோடரைப் பார்த்தார். "போறதுக்கு முன்னாடி சகலை பெட்டியை உள்ள வை."

தூக்கினான்.

நின்றான்.

பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"சார்... இது பறந்து வந்த பெட்டி இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"எட்டு மணி நேரம் மேல பறந்த பெட்டி ஜில்லுன்னு இறங்கும். உள்ள இருக்கிற துணிகூட ஜில்லுன்னு இருக்கும். பதினோரு வருஷமா தினம் கட்டிப்பிடிச்சுத் தூக்குறேன். இது என்னடான்னா... குட்டி போட்ட பூனை வயிறு மாதிரி கதகதன்னு இருக்கு!"

திறந்தார்கள்.

அடுக்கடுக்காய்ச் சட்டைகள். அத்தனையும் சுடச்சுட இஸ்திரி போட்டவை. காலர்களில் மையால் எழுதிய வீட்டு நம்பர்கள்.

மூத்த மருமகன் தரையில் உட்கார்ந்துவிட்டான். விமானமே ஏறியதில்லையாம். ஏஜென்ட் ஏமாற்றிவிட, வெட்கப்பட்டு, ரெண்டு தெரு தள்ளி இஸ்திரிக் கடையில் சேர்ந்துவிட்டான். நேற்று வேட்டியை இஸ்திரிக்குக் கொடுக்க வந்த மாமனார் அவனைப் பார்த்துவிட்டார். சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்ச இன்று விடியற்காலை வந்தான். அவர் மூத்தவளைக் கூப்பிட வாயைத் திறந்தார்... தள்ளிவிட்டான். வெறும் பெட்டியோடு வந்தால் சந்தேகப்படுவார்களே என்று, கடையில் கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறான்.

"மூணு வருஷமா ரெண்டு தெரு தள்ளியா இருந்தே?" மூத்தவள் விம்மலை நிறுத்தினாள். "போன்ல படம் அனுப்பி 'இங்க ஒரே பனிமூட்டம்'னியே!"

"அது... இஸ்திரிப் பெட்டி ஆவி."

ஆஸ்பத்திரியிலிருந்து போன். பெரியவர் கண் விழித்துவிட்டார். சொன்ன முதல் வார்த்தை... 'இஸ்திரி'!

விலங்கு கை மாறியது.

இன்ஸ்பெக்டர் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. அடியிலிருந்து ஒரு யூனிஃபார்ம் சட்டையை உருவினார். காலரில் அவர் வீட்டு நம்பர்!

விரித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஆறாயிரத்து இருநூறு கிலோமீட்டர் பறந்து வந்திருக்கு... ஒரு மடிப்புகூடக் கலையலையேய்யா!"