டேப்பின் மறுமுனை

“முந்தாநேத்து முப்பது அடி. நேத்து இருபத்தேழு. கல்லுச் சுவருக்குக் கால் முளைச்சிருச்சா? நீ டேப் நுனியைச் சுவர்ல ஒழுங்கா…”

“அதைத்தான்க்கா சொல்ல வர்றேன், நேத்து நான் நுனியைப் பிடிக்கவே…”

“வைக்கலை. வச்சிருந்தா எப்படிக் குறையும்?”

“பிடிக்கவே இல்லைங்கிறேன். நான் வெளியில போன்ல பேசிட்டிருந்தேன். ‘பிடிச்சிருக்கேன்’னு உனக்குக் குரல் கொடுத்தது நான் இல்லை. சுவர் நடக்காதுதான். பிடிச்சிருக்கிற ஆள் நடக்கலாம்ல?”

அக்காவுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது. பாழடைந்த இந்தச் சிறையை ஒட்டி எழப்போகும் அருங்காட்சியகம் அவள் வடிவமைக்கும் முதல் பெரிய கட்டடம். சிறையின் இருட்டு நடைவழி முடிகிற சுவரை உடைத்து அங்கேதான் வாசல் வைக்கப் போகிறாள். நாளைக் காலையில் வரைபடம் கொடுத்தாக வேண்டும். அளவு பிசகினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இருக்கிற தலைவலி போதாதென்று, உதவிக்கு வைத்துக்கொண்ட கூடப்பிறந்தவள் பேய்க்கதை சொல்கிறாள்.

“டிமிக்கி கொடுக்க நல்ல சாக்குடி. உன் கை மட்டும் உள்ளே வந்தாப் போதும். வாயும் பயமும் வெளியவே இருக்கட்டும்.”

நடைவழி தொடங்குமிடத்தில் நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குறிப்பேட்டில் தேதி எழுதினாள். இடது கையில் டேப் இழுபட்டது. கோபித்துக்கொண்டாவது உள்ளே போகிறாளே.

வெளியே மதிய வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே ஐந்தடிக்கு மேல் அதற்கும் தைரியமில்லை. அப்பால் ஈரச் சுண்ணாம்பும் துருவும், அடைத்துவைத்த அறையில் பல பேர் விட்ட மூச்சும் கலந்த வாடை, ஒரு வௌவால்கூடச் சிறகடிக்காத அமைதி, அதற்குள் டேப் கல்லில் உரசிக்கொண்டு போகிற சன்னமான கீறல்.

“பிடிச்சியா?”

“பிடிச்சிருக்கேன்.”

டேப்பில் இருபத்திரண்டு அடி.

“சுவர்ல வச்சுப் பிடிடி.”

“பிடிச்சிருக்கேன்.”

அதே குரல். அதே இழுப்பு. அச்சு மாறவில்லை.

இருபது. டேப் தானாக டப்பாவுக்குள் சுருண்டுகொண்டிருந்தது. ஆனால் தொய்யவில்லை. மறுமுனை விறைப்பாகவே இருந்தது.

பதினாறு. பன்னிரண்டு.

காலடிச் சத்தமே இல்லை.

“என்னடி விளையாட்டு இது?”

ஒன்பது.

“யார்கிட்டக்கா பேசறே?”

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தங்கை வெயிலில் நின்றாள். கையில் டார்ச்.

“காருக்குப் போய் இதை எடுத்துட்டு வர்றேன். தனியா போக மாட்டேன், நீயும் கூட…”

ஏழு.

அக்காவின் கட்டைவிரல் லாக்கை அழுத்தியது. டேப் ஐந்தில் நின்றது.

வெயில் முடிகிற கோட்டில் ஐந்து விரல்கள். டேப்பின் நுனியைக் கவ்வியபடி. நகமெல்லாம் சுண்ணாம்பு. மணிக்கட்டு வரைதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருட்டு.

தங்கை அக்காவின் தோளை இறுகப் பற்றினாள். அவள் வாய் மூடியே இருந்தது. அவள் குரல் உள்ளேயிருந்து வந்தது.

“கை வந்தாச்சுக்கா. மீதியும் வரட்டுமா?”